ஆமாம் என்று அழுத்தவும்

மாத்திரை சொன்னால்தான் வண்டி கிளம்பும். மலைப் பேருந்துகளில் அதுதான் சட்டம். ஓட்டுநர் காலையில் விழுங்கும் மாத்திரைக்குள் மணல் பருமனுக்கு ஒரு சில்லு இருக்கும். வயிற்றுப் புளிப்பு பட்டதும் அது விழித்துக்கொண்டு, வந்து சேர்ந்துவிட்டேன் என்று மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டைக்குச் சொல்லும். பட்டை பேருந்துக்குச் சொல்லும். அதற்குப் பிறகுதான் வண்டி உயிர் பிடிக்கும்.

இதை வேண்டாத வேலை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சமவெளியில் பேருந்துகளெல்லாம் தாமாகவே ஓடப் பழகிவிட்ட பிறகும், கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறுகிற மலைப்பாதைக்கு மட்டும் ஆள் தேவைப்பட்டது. மேகம் இறங்கிப் பாதையை மூடும்போதும், வளைவில் யானை நிற்கும்போதும் இயந்திரம் திகைத்து நின்றுவிடும். மனிதர்தான் பொறுத்துப் பார்த்து ஏற வேண்டும். அப்படி ஏறிய ஓர் ஓட்டுநருக்கு ஒரு மழைநாளில் வளைவிலேயே மாரடைப்பு வந்தது. வண்டி பள்ளத்துக்குள் போயிற்று. அதன் பிறகுதான் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைக்கும் பேருந்துக்கும் முடிச்சுப் போட்டார்கள்.

அந்தச் சட்டம் வந்தபோது ஓட்டுநர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று ஆதரித்துப் பேசியவள் மோனிஷா. அவளுடைய அம்மா ஐம்பதைத் தொடுவதற்கு முன்பே அடுப்படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர். மோனிஷாவுக்கும் ரத்தத்தில் அதே கொழுப்பு. ஆகவே மாத்திரையை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

அந்த மோனிஷாதான் இப்போது ஓட்டுநர் இருக்கைக்கு ஏறுவதற்குக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னத்தா, ஏறாம நிக்கிற? நல்ல நேரம் பாக்குறியா?" என்றார் தருண். பக்கத்து வண்டி ஓட்டுநர். அவளைவிட மூத்தவர், பணிமனையிலேயே வாய் பெரியவர்.

"தொடை ரெண்டும் கழண்டு போற மாதிரி வலிக்குதுண்ணே. ராத்திரி பூரா நாத்து நட்டவ மாதிரி."

"நலம்மாகிட்ட சொல்லிப் பாத்தியா?"

நலம் என்பது மாத்திரையின் அளவைத் தீர்மானிக்கும் ஏற்பாட்டின் பெயர். வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி. அன்றன்றைக்கு உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்து, அந்த அளவு மாத்திரையைத் தட்டில் போடும். அதன் குரல் ஒரு நல்ல வீட்டுப் பெண்ணின் குரல்போல இருந்ததால் பள்ளத்தாக்கு முழுக்க அதை நலம்மா என்றே அழைத்தார்கள்.

"சொன்னேன். கேட்ட கேள்வியத்தான் கேட்டா."

அந்தக் கேள்வியை அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. வலி என்று யார் சொன்னாலும் நலம் அதைத்தான் கேட்கும். திராட்சைப் பழம் சாப்பிட்டீர்களா? சாப்பிட்டிருந்தால், ஆமாம் என்று அழுத்தவும். மோனிஷா இல்லை என்றாள். நன்றி, நீங்கள் அறிவுரையைச் சரியாகப் பின்பற்றுகிறீர்கள், ஆகவே உங்கள் மருந்தின் அளவு பாதுகாப்பானது, ஓய்வெடுங்கள் என்று பதில் வந்தது. மறுநாள் மாத்திரை முன்னைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. திராட்சையைத் தொடாதவர்களுக்குக் கூடுதல் அளவு தாங்கும் என்பது நலத்தின் கணக்கு.

திராட்சையை அங்கே யாரும் தொடவில்லை. தொடுவதற்கு ஒரு கொடியும் இல்லை. ஒரு காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் பன்னீர் திராட்சைப் பந்தல்தான். நலம் வந்தது. மாத்திரை போடுகிறவர்கள் திராட்சை சாப்பிடக் கூடாது என்று வீட்டுக்கு வீடு பெட்டி சொல்லிற்று. வீட்டுக்கு ஒருவராவது மாத்திரை போடுகிறவர்கள். ஒருவர் சாப்பிடக் கூடாத பழத்தை வாங்கி வீட்டில் வைப்பானேன் என்று எல்லோரும் நிறுத்தினார்கள். வியாபாரிகள் வருவது நின்றது. மோனிஷாவின் கணவன் லோகேஷ் கொடியை வெட்டிய அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். பந்தல் போட்ட கல்தூண்கள் மட்டும் இன்னும் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே அவன் பம்பளிமாஸ் வைத்தான். நலம் சொன்ன நல்ல உணவு வரிசையில் புளிப்புப் பழங்கள் எல்லாம் இருந்தன. கன்று மரமாயிற்று. தலையளவு பழங்கள் தொங்கின. பள்ளத்தாக்கில் இப்போது எல்லார் தோட்டத்திலும் பம்பளிமாஸ்தான். எல்லார் வீட்டிலும் காலை மாத்திரை பம்பளிமாஸ் சாற்றோடுதான் இறங்குகிறது.

தருண் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு காக்கிச் சட்டையை லேசாக உயர்த்திக் காட்டினார். இடுப்போடு ஒட்டி ஒரு சின்ன ரப்பர் பை கட்டியிருந்தது.

"என்னண்ணே இது?"

"எலுமிச்சம்பழச் சாறு. மாத்திரைய இதுக்குள்ள போட்ருவேன். உடம்புச் சூடு இருக்கு, புளிப்பு இருக்கு. வயித்துக்குள்ளதான் இருக்கோம்னு நம்பிக்கும். எனக்கும் கால் வலிதான். இப்பப் பாரு, ஓடுறேன். உனக்கு ஒண்ணு தச்சுத் தரவா?"

"உங்களுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்காய்ங்க."

"ஆமா."

"நீங்க மாத்திரைய நிறுத்தலாமா?"

"போட்டா காலு போகுது, போடாட்டி நெஞ்சு போகும்ங்கிற. நான் காலுக்கு ஓட்டுப் போட்டேன். உன் ஓட்டு உன் இஷ்டம்."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் பையை வேண்டாம் என்றாள்.

அன்று மத்தியானம் மலை ஏறும்போது, வளைவைத் தாண்டியதும் எதிரே ஏலக்காய் ஏற்றிய ஜீப் ஒன்று நின்றது. மோனிஷா பிரேக்கை மிதித்தாள். மிதித்தாள் என்றுதான் நினைத்தாள். கால் கேட்கவில்லை. தண்ணீருக்குள் நடப்பதுபோல மெதுவாக, யாருடையதோ போலப் போய் அழுந்தியது. பேருந்து ஜீப்பின் பின்கதவை முத்தமிடப் போய், ஒரு சாண் இடைவெளியில் நின்றது. உள்ளே ஒருவர் தூக்கத்திலிருந்து விழித்து, ஊர் வந்துவிட்டதா என்று கேட்டார். வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்தது.

குமுளியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். சிறுநீர் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வெளியே வந்து வண்டிக்குள் ஏறாமல், படிக்குக் கீழேயே நின்று, "நான் வண்டிய மலை இறக்க மாட்டேன். வேற வண்டி வரும், அதுல போங்க" என்றாள்.

"இதென்ன கூத்து," என்றது முன்னிருக்கையில் ஒரு குரல். "ஏத்தி உக்கார வச்சுட்டு நிப்பாட்டிப் போட்டா நாங்க என்ன, பறந்தா போறது?"

"பறக்காம இருக்கத்தான் நிப்பாட்டுனேன்."

பணிமனையிலிருந்து மேலாளர் அனிருத்தன் அழைத்தார். மாத்திரை விழுங்கியதாகத் திரையில் காட்டுகிறது, தகுதி இருக்கிறது, வண்டியை எடுங்கள் அக்கா என்றார். அவள் இல்லை என்றாள். காரணம் கேட்டார். "கால் என் பேச்சைக் கேக்கல" என்றாள். அந்தக் காரணத்துக்கு அவர் திரையில் கட்டம் இல்லை.

அங்கிருந்து நேராக உத்தமபாளையத்துக்குப் போனாள். டாக்டர் நஸ்ரின் அங்கே சொந்தமாக ஒரு சின்ன மருத்துவமனை நடத்தினார். நலத்தின் பட்டியலில் சேராதவர். நோயாளியைப் பேசவிட்டுக் கேட்கிறவர் என்று பெயர். அதனாலேயே அங்கே காத்திருக்க நேரும் என்றும் பெயர்.

சிறுநீர் நிறத்தைச் சொன்னதுமே டாக்டர் மற்றவர்களைக் காக்கச் சொல்லிவிட்டு அவளைப் படுக்க வைத்தார். ரத்தம் எடுக்க ஆள் வந்தது. கையில் சொட்டுநீர் ஏறியது.

"தசை உடையுதும்மா. உடைஞ்சது ரத்தத்துல கலந்து கிட்னில போய் அடைக்கும். அந்த நிறம் அதுதான். நல்லவேளை, இன்னைக்கே வந்தீங்க. மாத்திரைய இப்பவே நிறுத்துறோம்."

"நிறுத்துனா எங்கம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமே, டாக்டரம்மா."

"நீங்களா நிறுத்தினா அந்தப் பயம் சரி. இப்ப நான் நிறுத்துறேன், நான் பாத்துட்டே இருப்பேன். உடம்பு தேறினதும் வேற மருந்து, கொஞ்சமா ஆரம்பிப்போம். மருந்து கெட்டது இல்ல. இதே மருந்துதான் எத்தனையோ பேர் நெஞ்சைக் காப்பாத்திட்டு இருக்கு. ஆனா உங்களுக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியணும். தேமலுக்கு, படைக்கு ஏதாச்சும் மாத்திரை எடுத்தீங்களா?"

"இல்ல."

"சளிக்கு, இருமலுக்கு? நாட்டு மருந்து?"

"ஒண்ணும் இல்ல. திராட்சைகூடத் தொடல."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "திராட்சையா? திராட்சைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"என்ன டாக்டரம்மா இப்படிக் கேக்குறீங்க? நலம்மா கேக்குற ஒரே கேள்வி அதுதானே."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு மேசைத் திரையைத் தன் பக்கம் இழுத்து, நலத்தின் பக்கத்தைத் திறந்து, மொழியைத் தமிழுக்கு மாற்றினார். படித்தார். மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் படித்தார். முகம் சிறுத்துப்போயிற்று.

"இத்தனை வருஷமா இத நான் இங்கிலீஷ்லயே பாத்துட்டு இருந்திருக்கேன். ஒருநாள்கூட தமிழ்ல என்ன இருக்குன்னு பாக்கல." திரையை மோனிஷா பக்கம் திருப்பினார். "இங்கிலீஷ்ல இருக்குறது கிரேப்ஃப்ரூட். கிரேப்னா திராட்சை, ஃப்ரூட்னா பழம். தமிழாக்குனவங்க ரெண்டையும் சேத்துத் திராட்சைப் பழம்னு வச்சுட்டாங்க. ஆனா கிரேப்ஃப்ரூட் திராட்சையே இல்ல. அது பெரிய புளிப்புப் பழம். உள்ள சிவப்பா சுளை சுளையா இருக்கும், மேல தோல் தடியா இருக்கும், லேசா கசக்கும். நம்ம ஊர்ல அது விளையாது. ஆனா அதோட நெருங்கின சொந்தக்காரப் பழம் ஒண்ணு விளையுது. இது செய்யிறத அதுவும் செய்யும்."

மோனிஷா படுக்கையிலிருந்து தலையைத் தூக்கினாள். "பம்பளிமாஸ்."

"குடல்ல இந்த மருந்தை உடைச்சுக் கழிக்கிற ஒண்ணு இருக்கு. அந்தப் பழம் அதைப் பூட்டிடும். ஒரு மாத்திரை போட்டா உடம்புல பல மாத்திரை போட்ட மாதிரி தங்கும். நீங்க தினமும் சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறதா? மாத்திரைய முழுங்குறதே அந்தச் சாத்துலதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்க வீட்ல மட்டுமா?"

கல்தூண் நட்ட தோட்டங்கள் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்தன.

*

லோகேஷ் மருத்துவமனைக்கு வந்தபோது பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்திருந்தான். அவள் சொன்னதைக் கேட்டு முடித்ததும் பிளாஸ்கைத் திறக்காமலே கீழே வைத்தான்.

"அந்த டாக்டரம்மாவுக்குப் பழி போட வேற எதுவும் கிடைக்கலயா?"

"பழி இல்ல மாமா. நெசம்."

"நெசம்னே வச்சுக்க. நீ வெளிய சொன்னா என்ன ஆகும்? திராட்சைக்கு ஆன மாதிரி ஆகும். கொடிய வெட்டுனேன். இப்ப மரத்த வெட்டணும். அதுக்கப்புறம் எத வைக்கிறது, கள்ளியவா?"

"திராட்சைய வெட்டுறப்ப ஏன் எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கல. நீயும் கேக்கல, நானும் கேக்கல. பெட்டி சொல்லுச்சு, வெட்டுனோம்."

அவன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே கேட்டான். "மாத்திரை போடாதவங்க சாப்பிடலாமா அந்தப் பழத்த?"

"தாராளமா. வேற மாத்திரைக்காரங்களும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சாப்பிடலாம். இதுலயே பழத்துக்குப் பயப்படாத மருந்தும் இருக்காம். அதத்தான் எனக்குத் தரப் போறாங்க."

"அப்ப பழத்து மேல தப்பு இல்ல."

"இல்ல."

"எங்க போய்ச் சொன்னாலும் அதையும் சேத்துச் சொல்லு. விஷம்னு சொல்லிராத." பிளாஸ்கைத் திறந்து கஞ்சியை ஊற்றினான். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே மோனிஷா தருணைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் அனுப்பி வைத்தாள். போய்விட்டு வந்தவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஒரு பழத்த விட்டிருந்தா காலும் தப்பிச்சிருக்கும், நெஞ்சும் தப்பிச்சிருக்கும். நான் போய் ஓட்டு எண்ணிட்டு இருந்திருக்கேன். இன்னும் கொஞ்ச நாள் அப்படியே போயிருந்தா ஸ்டென்ட்டே அடைச்சிருக்குமாம்" என்றார். அன்று அவர் வேறு எந்தக் கேலியும் பேசவில்லை.

*

வெளி மருத்துவர் மாத்திரையை நிறுத்தியதும், மோனிஷாவின் ஓட்டும் தகுதியை நலம் முடக்கிவிட்டது. டாக்டர் அவளுக்குப் புது மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கியிருந்தார். ரத்தப் பரிசோதனை ஒழுங்காக வந்தது. கால் வலி மெல்ல மெல்ல இறங்கியது, முழுவதும் போகவில்லை. ஆனால் புது மாத்திரைக்குள் சில்லு இல்லை. சில்லு இல்லாமல் வண்டி இல்லை.

அனிருத்தன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். நல்ல மனிதர். கோபப்படத் தெரியாதவர், பயப்பட மட்டும் தெரிந்தவர்.

"அக்கா, இத எதுக்குப் பெருசாக்குறீங்க? ரொம்பச் சின்ன வழி இருக்கு. அந்தக் கேள்வி வருதுல்ல, ஆமாம்னு அழுத்துங்க. அவ்வளவுதான். அறிவுரை மீறல்னு ஒரு குறி விழும். அளவப் பாதியாக் குறைச்சுரும். வண்டி அன்னைக்கே உங்க கைக்கு வந்துரும்."

"நான் திராட்சை சாப்பிடலையே, சார்."

"தெரியும்க்கா. யார்தான் சாப்பிட்டா? எல்லாரும் அப்படித்தான் அழுத்துறாங்க."

மோனிஷா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எல்லாரும்னா?"

அவர் சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்டவர்போலக் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். "வலி தாங்காதவங்க. அளவு குறையணும்னா வேற வழி இல்லையே. இல்லைன்னு சொன்னா ஏத்துது, ஆமாம்னு சொன்னா இறக்குது. ஒருத்தரு பாத்து ஒருத்தரு கத்துக்கிட்டாங்க."

"குறி விழுந்தா என்ன ஆகும்?"

"ஆஸ்பத்திரிச் செலவு அவங்கவங்க பாத்துக்கணும். நிறுவனம் தராது. மீறுனது நாமதானே."

அவள் அதை மெதுவாக மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். வலி வந்தவர்கள் எல்லாம் திராட்சை சாப்பிட்டதாக ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியானால் நலத்தின் கண்ணுக்கு என்ன தெரியும்? திராட்சை சாப்பிட்டவர்களுக்குத்தான் வலி வருகிறது என்று தெரியும். தவறான சொல்லுக்கு ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு ஆமாமும் அந்தச் சொல்லுக்கு இன்னொரு ஆணி.

"நான் அழுத்த மாட்டேன்," என்றாள்.

"வண்டி போயிரும்க்கா."

"போகட்டும்னு சொல்லல. வண்டி எனக்கு வேணும். மாத்திரையும் வேணும். பொய்தான் வேணாம்."

"அப்ப மேல்முறையீட்டுக்குப் போகணும். தேனிக்கு. அங்கயும் ஆமாம்னு சொல்லச் சொல்லித்தான் கேப்பாங்க. கடைசியாவும் இல்லைன்னா தகுதி அடியோட ரத்து."

"தேதி வாங்கிக் குடுங்க."

*

தேனியில் அந்த அறை குளிராக இருந்தது. நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி சித்தார்த்தன் தனியாக உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் மோனிஷா, ஓரத்தில் அனிருத்தன். சுவரிலிருந்து நலம் பேசிற்று. மேசையில் ஒரு மைக். அதன் சிவப்பு விளக்கு எரிந்தால் பேச்செல்லாம் பதிவு. உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்து எழுவதுதான் அவளுக்கு இன்னும் சிரமம். நின்றே பேசுகிறேன் என்றாள்.

"திராட்சைப் பழம் சாப்பிட்டீர்களா?" என்று நலம் கேட்டது. "சாப்பிட்டிருந்தால், ஆமாம் என்று அழுத்தவும்."

"சாப்பிடல. நீ கேக்குற பழமும் திராட்சை இல்ல."

"மன்னிக்கவும். பதில் புரியவில்லை."

"உனக்குப் புரியாது. சார்கிட்ட சொல்றேன்." அதிகாரியின் பக்கம் திரும்பி, டாக்டர் சொன்னதை வரிசையாகச் சொன்னாள். எந்தப் பழம், குடலில் எதைப் பூட்டுகிறது, அளவு எப்படி ஏறுகிறது, தசை எப்படி உடைகிறது, தன் சிறுநீர் என்ன நிறத்தில் போயிற்று, வளைவில் தன் கால் என்ன செய்தது. டாக்டர் கொடுத்த ரத்தப் பரிசோதனை முடிவையும் மேசையில் வைத்தாள். "பழத்து மேல தப்பு இல்ல சார். அது விஷமும் இல்ல. இந்த மருந்தோட அது சேரக் கூடாது. அத எங்களுக்கு எங்க ஊர்ப் பேருல சொல்லியிருக்கணும். எங்க வீட்டுக்காரரு தோட்டத்துலயும் அதுதான் நிக்குது. அது தெரிஞ்சுதான் சொல்றேன்."

சித்தார்த்தன் பொறுமையாகக் கேட்டார். பிறகு சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். மாநிலம் முழுக்க வெளிர் நிறம். கம்பம் பள்ளத்தாக்கு மட்டும் ரத்தச் சிவப்பு.

"உங்க கருத்து இருக்கட்டும்மா. தரவு என்ன சொல்லுதுன்னு பாருங்க. திராட்சை மீறல் மத்த எல்லா இடத்தையும்விட உங்க பகுதிலதான் அதிகம். தசைவலியும் அங்கதான் அதிகம். ரெண்டும் அச்சுப் பிசகாம ஒத்துப்போகுது. திராட்சைதான் காரணம்ங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்?"

"ஒரு திராட்சை வேணும், சார்."

"என்ன?"

"இம்புட்டுப் பேரு இம்புட்டுத் திராட்சை சாப்பிட்டிருக்கோம்ல. அது எங்க விளைஞ்சது? எங்க பள்ளத்தாக்குல ஒரு கொடி இருக்கான்னு காட்டுங்க. இந்தா, எங்க மேலாளர் கம்பத்துக்காரர்தான். கேளுங்க."

சித்தார்த்தன் அனிருத்தனைப் பார்த்தார்.

அனிருத்தன் எழுந்து நின்றார். "கொடி இல்லைங்க சார். வெட்டி வருஷக்கணக்காச்சு."

"கடைகள்ல? வெளியூர்ப் பழம் வரும்ல?"

"வராதுங்க சார். எங்க பக்கம் யாரும் வாங்க மாட்டாங்க. நான் கடைசியாத் திராட்சையப் பாத்தது எங்க அக்கா கல்யாணத்துல." அவர் குரல் போகப் போகச் சின்னதாயிற்று. ஆனாலும் சொல்லி முடித்தார்.

வரைபடத்தின் சிவப்பு சித்தார்த்தனின் கண்ணாடியில் தெரிந்தது.

"இறுதியாகக் கேட்கிறேன்," என்றது நலம். "திராட்சைப் பழம்—"

சித்தார்த்தன் அதன் குரலை அணைத்தார். மைக்கையும் அணைத்தார். சிவப்பு விளக்கு போயிற்று. "தம்பி, நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க," என்று அனிருத்தனை அனுப்பினார். கதவு மூடும்வரை காத்திருந்தார்.

"உட்காருங்கம்மா."

"பரவாயில்ல, சார்."

அவர் மேசையின் மேல் கைகளைக் கோத்துக்கொண்டார். பேசத் தொடங்கி நிறுத்தினார். பிறகு அதிகாரியின் தமிழை விட்டுவிட்டு வேறொரு தமிழில் பேசினார்.

"எங்க வீட்டம்மா சின்னமனூர்க்காரங்க. வாராவாரம் ஊர்லருந்து பம்பளிமாஸ் வரும். போன வருஷம் எனக்கு மாடிப்படி ஏற முடியல. தோள்பட்டைல சட்டை போட முடியல. நலத்துகிட்ட சொன்னேன். உங்ககிட்ட கேட்டதத்தான் என்கிட்டயும் கேட்டுச்சு." கைகளைப் பிரித்துப் பார்த்தார். "நான் ஆமாம்னு அழுத்துனேன். எங்க வீட்ல நாங்க திராட்சை வாங்குனதே கிடையாது. அந்தப் படத்துல இருக்குற சிவப்புல நானும் ஒரு புள்ளி. இந்த நாக்காலில உக்காந்துட்டு, உங்கள மாதிரி வந்தவங்க எல்லார்கிட்டயும் ஆமாம்னு சொல்லுங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். அதனாலதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நீங்க சொல்றது சரின்னுதான் எனக்கும் தோணுது."

மோனிஷா அவரைப் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த மைக்கைப் பார்த்தாள். அதை ஒரு விரலால் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இதப் போட்டுட்டுச் சொல்லுங்க, சார்."

"போட்டா என் வேலை..."

"என் வண்டி ஓடாம நிக்குது, சார். அத எடுக்க நான் பொய் சொல்லல."

அவர் கதவைப் பார்த்தார். சுவரிலிருந்த சிவப்பைப் பார்த்தார். அவர் விரல் பொத்தானுக்குப் போய் அதன்மேல் நின்றது.

மோனிஷா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் உட்காரவில்லை.